ஹார்டிங் பார்க்: ஏரிக்கரைப் பொது மைதானத்தில் முதல் கோல்ஃப் ஆட்டத்துக்கு முழுமையான வழிகாட்டி

சான் பிரான்சிஸ்கோ நகரின் தென்மேற்கு மூலையில், பசிபிக் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மெர்செட் ஏரி இருக்கிறது. ஏரியின் கைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் மேட்டு நிலத்தில், சைப்ரஸ் மரங்களுக்கு இடையே 1925-ல் திறக்கப்பட்ட மாநகராட்சி மைதானம்தான் ஹார்டிங் பார்க். வடிவமைத்தவர்கள் வில்லி வாட்சனும் சாம் வைட்டிங்கும். 1923-ல் இதே நகரில் காலமான அமெரிக்க அதிபர் வாரன் ஹார்டிங்கின் பெயரை வைத்தார்கள்.

இந்த மைதானம் நிறைய ஏற்ற இறக்கங்களைப் பார்த்திருக்கிறது. 1998-ல் பக்கத்து ஒலிம்பிக் கிளப்பில் யு.எஸ். ஓபன் நடந்தபோது ஹார்டிங் பார்க்கின் புல்வெளியில் கார்களை நிறுத்தினார்கள். பராமரிப்பு அந்த அளவுக்குக் கெட்டுக் கிடந்தது. அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் முன்னாள் தலைவர் சாண்டி டேட்டம் விடாமல் பேசிப் பேசி நகராட்சியைச் சம்மதிக்க வைத்தார். முழுதாகத் திருத்தப்பட்டு 2003-ல் மறுபடி திறந்தது. 2009-ல் பிரெசிடென்ட்ஸ் கோப்பை இங்கே நடந்தது. 2020-ல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பும் வந்தது, கொரோனா காலம் என்பதால் பார்வையாளர் இல்லாமல் நடந்தது. இத்தனை பெரிய போட்டிகள் நடந்த இடத்தில், கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஆடலாம். உறுப்பினர் அட்டை, சிபாரிசு எதுவும் தேவையில்லை.

முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் ஏரியைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு அவ்வளவு அவசியம் இல்லை. ஏரி வருவது கடைசி ஐந்து குழிகளில், அதுவும் பெரும்பாலும் இடது கைப்பக்கம். வலக்கைக்காரரான புதிய ஆட்டக்காரரின் பந்து அனேகமாக வலப்பக்கம்தான் வளையும். அங்கே காத்திருப்பது சைப்ரஸ் மரங்கள். மரமும் கடற்கரைக் குளிரும்தான் இங்கே ஸ்கோரைத் தின்கின்றன. கீழே உள்ள படிகள் அந்தக் கணக்கை வைத்தே எழுதப்பட்டவை.

படி 1: எந்த மைதானம், எந்த டீ

ஹார்டிங் பார்க்கில் இரண்டு மைதானங்கள் உண்டு. பெரிய 18 குழி மைதானம் ஒன்று. அதன் நடுவே ஃப்ளெமிங் என்ற 9 குழி மைதானம் இன்னொன்று. இந்த நகரின் கோல்ஃப் மைதானங்களை நெடுங்காலம் கவனித்த ஜாக் ஃப்ளெமிங்கின் பெயர் அது. அதில் பெரும்பாலானவை பார்-3 குழிகள் (பார் என்பது ஒரு குழியை முடிக்க எதிர்பார்க்கப்படும் அடிகளின் எண்ணிக்கை). 18 குழிகளை 120 அடிக்குள் முடிக்க முடியாதவர்கள் ஃப்ளெமிங்கில் ஆரம்பிப்பது நல்லது. இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. அதே காற்று, அதே புல், கட்டணம் மட்டும் குறைவு. பின்னால் வருகிறவர்களின் முறைப்பும் இருக்காது.

பெரிய மைதானம் என்றால் டீ (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்கும் இடம்) தேர்வில்தான் முதல் தவறு நடக்கிறது. 2020 போட்டியில் 7,200 கெஜத்துக்கு மேல் ஆடினார்கள் என்று கேள்விப்பட்டு, ஆசைக்காகக் கடைசி டீக்குப் போகிறவர்கள் உண்டு. எளிய சூத்திரம் இதுதான்: உங்கள் 5-ஆம் எண் அயர்ன் (எண் கூடக் கூடத் தூரம் குறையும் உலோக மட்டை) நம்பிக்கையாகப் போகும் தூரத்தை 36-ஆல் பெருக்குங்கள். 150 கெஜம் என்றால் 5,400 கெஜம். அதை ஒட்டிய மொத்த நீளமுள்ள டீயைத்தான் ஸ்கோர் அட்டையில் தேட வேண்டும். இரண்டுக்கும் நடுவே வந்தால் சிறியதை எடுங்கள். ஈரத் தரையில் பந்து உருளாது என்பதால் அட்டையில் உள்ள நீளத்தை விட மைதானம் நீளமாகவே ஆடும்.

படி 2: மாதமும் நேரமும்

தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வேலை பார்க்கும் நண்பர்கள் எல்லோரும் ஜூன், ஜூலையைத்தான் கோடை என்று நினைத்துப் பதிவு செய்கிறார்கள். மெர்செட் ஏரிப் பக்கம் அந்த மாதங்களில்தான் கடல் மூடுபனி அதிகம். நண்பகலிலும் 15, 16 டிகிரி செல்சியஸைத் தாண்டாத நாட்கள் சாதாரணம். நல்ல வெயில் செப்டம்பரிலும் அக்டோபரிலும்தான் கிடைக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம்.

ஒரே நாளுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. காலையில் காற்று குறைவு, ஈரம் அதிகம். பிற்பகலில் கடலிலிருந்து மேற்குக் காற்று எழும்பும், தரை கொஞ்சம் காய்ந்திருக்கும். முதல் தடவை ஆடுகிறவருக்கு வாரநாளில் காலை ஒன்பது, பத்து மணி பொருத்தம்.

பதிவு இணையத்தில்தான். சான் பிரான்சிஸ்கோவில் குடியிருப்பவர்களுக்கு நகராட்சி தரும் குடியிருப்போர் அட்டை இருந்தால் கட்டணம் வெகுவாகக் குறையும். அதை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும், கவுண்டரில் வந்து மின்கட்டண ரசீதைக் காட்டினால் நடக்காது. வெளியூர்க்காரர் கட்டணம்தான் உச்சம். வாரஇறுதியில் இன்னும் ஏறும், சாயங்கால நேரத்தில் இறங்கும். தனியாகப் பதிவு செய்தால் உங்களை வேறு மூவருடன் சேர்த்துவிடுவார்கள். அதை மறுத்துப் பயனில்லை; நான்கு பேர் சேர்ந்து ஆடுவதுதான் பொது மைதானத்தின் வழக்கம்.

படி 3: பையில் என்ன

கிளப் (கோல்ஃப் மட்டை) 14-க்கு மேல் கூடாது. இல்லாதவர்களுக்கு வாடகைக்கும் கிடைக்கும். பந்து, முதல் ஆட்டத்துக்கு ஒரு டஜன் போதும். விலை அதிகமான மூன்று, நான்கு அடுக்குப் பந்து வேண்டாம், இரண்டு அடுக்குப் பந்தே போதும். ஒவ்வொன்றிலும் பேனாவால் உங்கள் அடையாளத்தைப் போடுங்கள். இது அலங்காரத்துக்கு இல்லை, படி 6-ல் காரணம் தெரியும்.

துணியில் கஞ்சத்தனம் வேண்டாம். கழற்றிக் கழற்றி மாட்டும்படி மூன்று அடுக்கு: உள்ளே மெல்லிய சட்டை, மேலே கையில்லாத ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். ஒரே தடிமனான குளிர்ச்சட்டை போட்டால் தோள் திரும்பாது. கையுறை இரண்டு, துண்டு இரண்டு. ஒன்று ஈரத்துக்கு, ஒன்று உலர்ந்ததாகப் பைக்குள் இருக்கட்டும். ஷூவில் மென்மையான முட்கள் இருக்க வேண்டும், உலோக முள் வேண்டாம். கிரீனில் (குழியைச் சுற்றி மழித்த புல்தரை) பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்யும் சிறு கவை, பந்தின் இடத்தைக் குறிக்க ஒரு நாணயம்.

குளிரில் பந்து தூரம் போகவில்லை என்று கைச்சூட்டுப் பொட்டலத்தோடு பந்தைச் சேர்த்து வைத்து ஆடுகிறவர்களைப் பார்க்கலாம். பந்தை வேண்டுமென்றே சூடாக்கி அடிப்பது கோல்ஃப் விதி 4.2-ன்படி குற்றம், தண்டனை ஒன்றிரண்டு அடி இல்லை, தகுதி நீக்கம்.

படி 4: ஆட்டத்துக்கு முந்தைய 45 நிமிடம்

கடையில் பெயரைச் சொல்லிக் கட்டணம் கட்ட 10 நிமிடம். அடுத்த 15 நிமிடம் பயிற்சித் திடலில்: குட்டை கிளப்பில் ஆரம்பித்து மெதுவாக நீளமானதுக்குப் போங்கள், மொத்தம் 30 பந்து போதும். தூரத்தைத் தேடாதீர்கள், இன்று பந்து எந்தப் பக்கம் வளைகிறது என்பதை மட்டும் பாருங்கள். இன்று வலப்பக்கம் வளைந்தால் இன்று அதுதான் உங்கள் அடி. முதல் டீக்குப் போகும் வழியில் அதைத் திருத்த முயல வேண்டாம்.

மீதி நேரம் முழுவதும் பயிற்சி கிரீனில். 30 அடி தூரத்திலிருந்து பத்து பட் (பந்தைக் குழியை நோக்கி உருட்டும் அடி), ஆறு அடியிலிருந்து பத்து, மூன்று அடியிலிருந்து பத்து. 2005-ல் இங்கே டைகர் உட்ஸும் ஜான் டேலியும் சமநிலையில் முடித்துத் தொடர்ந்து ஆடினார்கள். அவ்வளவு நீளமாக அடிக்கும் டேலி தோற்றது ஒரு குட்டிப் பட் தவறியதால்தான்.

தொடக்கப் பணியாளர் முதல் டீயில் இருப்பார். அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: வண்டி புல்லில் இறங்கலாமா, இன்று கொடி கிரீனின் முன்பக்கமா பின்பக்கமா, மரம் தொடர்பாகவோ ஈரத் தரை தொடர்பாகவோ உள்ளூர் விதி ஏதாவது உண்டா. மழைக்குப் பிறகு வண்டியைப் பாதையிலேயே நிறுத்தச் சொல்வார்கள். அப்படியான நாளில் வண்டி எடுப்பதே வீண். ஒவ்வொரு அடிக்கும் குறுக்கே நடந்து போய், எடுத்துப் போன கிளப் பொருந்தாமல் திரும்ப நடக்க வேண்டும். மைதானத்தில் பெரிய ஏற்றம் கிடையாது, தள்ளுவண்டியோடு நடப்பதே சுகம்.

படி 5: குளிருக்கு எத்தனை கிளப்

ஈரக் காற்று கனமானது, அதனால்தான் பந்து போகவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மை நேர்மாறானது. நீராவி, நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விட இலேசு. ஈரப்பதமுள்ள காற்று அதே வெப்பத்தில் உள்ள உலர்ந்த காற்றை விடக் கொஞ்சம் அடர்த்தி குறைந்ததுதான். தூரத்தைக் குறைப்பது குளிர். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, குளிர்ந்த பந்து துள்ளல் குறைந்தது, குளிர்ந்த உடம்பு மெதுவாகத் திரும்புகிறது. மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன.

காற்றின் அடர்த்திக்கு மட்டும், நீண்ட அடியில் ஏறக்குறைய 5 டிகிரி செல்சியஸுக்கு 2 கெஜம் என்று வைத்துக்கொள்ளலாம். சென்னை கிண்டியில் 35 டிகிரியில் ஆடிப் பழகியவர் இங்கே 13 டிகிரியில் அடித்தால் டிரைவரில் (மிக நீளமாக அடிக்கும் கிளப்) 9 கெஜம் அதிலேயே போய்விடும். பந்தின் விறைப்பு, மூன்று அடுக்குத் துணி, உருளாத தரை எல்லாம் சேர்ந்தால் 20 கெஜம் குறைவது ஆச்சரியமே இல்லை. ஆகவே:

14 டிகிரிக்குக் கீழே, காற்று இல்லை: ஒரு கிளப் நீளமானது. 150 கெஜத்துக்கு 7-ஆம் எண் அடிப்பவர் 6 எடுக்கட்டும்.

எதிர்க்காற்று: மணிக்கு ஒரு மைல் வேகத்துக்கு ஒரு சதவீதம் கூட்டுங்கள். 10 மைல் காற்றில் 150 கெஜம் 165 ஆகிறது. குளிரையும் சேர்த்தால் இரண்டரை கிளப். மூன்று கிளப் கூட எடுத்து முக்கால் வீச்சில் அடிப்பது இன்னும் நல்லது. முழு பலத்தோடு அடித்தால் பந்தின் சுழற்சி கூடி, காற்றில் ஏறி நின்று, முன்னாலேயே விழும்.

பின்காற்று: எதிர்க்காற்றில் கூட்டியதில் பாதியைக் கழித்தால் போதும்.

கிளப் முகத்தை ஒவ்வொரு அடிக்கு முன்னும் துடையுங்கள். முகத்துக்கும் பந்துக்கும் நடுவே தண்ணீர் இருந்தால் உராய்வு குறையும். வெட்ஜ் (குறுந்தூரத்துக்குப் பந்தை உயர்த்தும் கிளப்) அடி வழக்கத்தை விட உயரமாகக் கிளம்பி, சுழற்சி இல்லாமல் விழுந்து, கிரீனைத் தாண்டி ஓடும்.

ஈரமான ரஃப் (ஓரத்தில் நீளமாக விட்ட புல்) இன்னொரு சிக்கல். தடித்த புல் கிளப்பின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, முகம் மூடிக்கொள்ளும், வலக்கைக்காரரின் பந்து இடப்பக்கம் பாயும். கடைசிக் குழிகளில் இடப்பக்கம் என்ன இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும். ரஃபிலிருந்து 8-ஆம் எண்ணுக்கு மேல் நீளமான எதையும் எடுக்காமல், பிடியைச் சற்று இறுக்கி, கொஞ்சம் வலப்பக்கம் குறிவைத்து ஃபேர்வேக்கு (நடுவே குட்டையாக வெட்டிய புல்பாதை) திரும்புங்கள்.

படி 6: சைப்ரஸ் மரங்கள்

மான்டெரே சைப்ரஸ் மேலே குடை போல் விரிந்து, இலையடர்த்தியில் பந்தை விழுங்கக் கூடியது. மரத்தின் பெரும்பகுதி காற்றுதான் என்று பழைய கோல்ஃப் வாசகம் ஒன்று உண்டு. இந்த மரத்தைப் பார்க்காதவர் சொன்னது அது.

பந்து மரங்களுக்குள் போய்விட்டது என்று தோன்றிய மறுகணமே, நடக்கத் தொடங்குவதற்கு முன்பே, தற்காலிகப் பந்து (முதல் பந்து கிடைக்காவிட்டால் தொடர்ந்து ஆடும் மாற்றுப் பந்து) அடிக்கப்போவதாக வாய்விட்டுச் சொல்லி அடியுங்கள். 'இன்னொன்று அடிக்கிறேன்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அதுவே ஆட்டப் பந்தாகிவிடும். தேட உங்களுக்கு உள்ள நேரம் 3 நிமிடம்.

பந்து கிடைத்தது, கிளைகளுக்கு நடுவே இடைவெளி தெரிகிறது என்றால், அந்த இடைவெளி வழியே கிரீனை நோக்கி அடிக்கத் தோன்றும். அடிக்க வேண்டாம். பக்கவாட்டில், தேவைப்பட்டால் பின்னோக்கிக்கூட, மிக அகலமான வழியில் 7-ஆம் எண் அயர்னைப் பட்டர் (பட் அடிக்கும் கிளப்) போலப் பிடித்து ஃபேர்வேக்குத் தள்ளுங்கள். ஒரு அடி நஷ்டம், அவ்வளவுதான். இடைவெளியை நம்புகிறவர்கள் இதே குழியில் எட்டு, ஒன்பது எழுதுகிறார்கள்.

பந்து மரத்திலேயே சிக்கிக்கொண்டால் அடையாளம் முக்கியம். கீழிருந்து உங்கள் பேனாக் குறியைப் பார்த்து அது உங்கள் பந்துதான் என்று உறுதி செய்தால், ஆட முடியாத பந்து என்று அறிவித்து, பந்துக்கு நேர் கீழே தரையில் உள்ள புள்ளியிலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல், ஒரு அடித் தண்டனையோடு விடலாம். அடையாளம் தெரியவில்லை என்றால் அது தொலைந்த பந்து: ஒரு அடித் தண்டனை, முன்பு அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். ஒரு பேனாக் கோடு உங்களை இருநூறு கெஜம் திரும்பி நடக்காமல் காப்பாற்றும்.

படி 7: ஏரியோரக் குழிகள், 14 முதல் 18 வரை

இங்கே அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஃபேர்வேயின் விளிம்பிலேயே தண்ணீர் அலை அடிப்பதில்லை. நடுவே மரமும் புதரும் அடர்ந்த சரிவு இருக்கிறது. தண்ணீர் அதற்கும் கீழே. ஆகவே இடப்பக்கம் தவறிய பந்து பெரும்பாலும் சரிவுப் புதரில்தான் போய் விழும். தண்டனைப் பகுதியைக் காட்டும் சிவப்புக் குச்சிகளோ கோடோ எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்தே உங்கள் உரிமை மாறும்.

சிவப்பு எல்லைக்குள் பந்து போனது கண்ணால் கண்டதாகவோ, ஏறத்தாழ நிச்சயமாகவோ இருந்தால்: பந்து எல்லையைக் கடைசியாகக் கடந்த இடத்தைக் குறியுங்கள், பந்து விழுந்த இடம் இல்லை, கடந்த இடம். அங்கிருந்து இரண்டு கிளப் நீளம், குழிக்கு நெருங்காமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விடுங்கள். டீயிலிருந்து அடித்த பந்து என்றால் இப்போது அடிக்கப்போவது மூன்றாவது அடி. 'அங்கேதான் போயிருக்கும்' என்ற ஊகம் மட்டும் போதாது. எல்லைக்கு வெளியே புதரில் தொலைந்திருக்கவும் வாய்ப்பு இருந்தால் தற்காலிகப் பந்து அடித்துவிட்டுப் போங்கள்.

சிவப்பு எல்லைக்குள் பந்து தெரிகிறது, ஆடலாம் போல் இருக்கிறது என்றால் தண்டனையின்றி அங்கிருந்தே ஆடலாம், கிளப்பைத் தரையில் வைக்கவும் செய்யலாம். ஆனால் மண்ணில் புதைந்த பந்துக்கு ஃபேர்வேயில் கிடைக்கும் இலவச நிவாரணம் இங்கே கிடைக்காது. சரிவு வழுக்கும். பந்தை எடுக்க அதில் இறங்காதீர்கள்.

16-ஆம் குழி ஒரு வலை. சிறிய பார்-4. 2020 கடைசி நாளில் அதன் டீயை முன்னே தள்ளி 294 கெஜமாக வைத்தார்கள். காலின் மோரிகாவா டிரைவரில் நேராக கிரீனுக்கு அடித்து, குழிக்கு ஏழடி தூரத்தில் நிறுத்தி, ஈகிள் (பாரை விட இரண்டு அடி குறைவு) போட்டு, மொத்தத்தில் பாரை விட 13 அடி குறைவாக முடித்துக் கோப்பையைக் கொண்டுபோனார். அதைக் காணொளியில் பார்த்த ஒவ்வொருவரும் இங்கே டிரைவரை உருவுகிறார்கள். அவர், பந்து வலப்பக்கமாக அடக்கமாக வளையும் அடிக்குப் பேர் போனவர், அன்று அந்தக் குழி அந்த வளைவையே கேட்டது. நீங்கள் கொடியிலிருந்து 100 கெஜம் மீதி வைக்கும் கிளப்பை எடுங்கள். 

18-ஆம் குழி இந்த மைதானத்தின் முத்திரை. டீயிலிருந்து ஏரியின் ஒரு மூலையைத் தாண்டி அடிக்க வேண்டும், பிறகு ஃபேர்வே இடப்பக்கம் திரும்புகிறது, வளைவில் சைப்ரஸ் மரங்கள் காவல். இடப்பக்கத்தை எவ்வளவு வெட்டினால் அவ்வளவு தூரம் மிச்சம் என்று தெரியும். வெட்டத் தவறினால் தண்ணீரும் மரமும் ஒன்றாக வரும். சராசரி ஆட்டக்காரருக்கு இதைப் பார்-5 என்று எண்ணி ஆடுவதே விவேகம்: டீயில் ஃபேர்வேயின் வலப் பாதியைக் குறிவைத்து, இரண்டாவதில் 80, 90 கெஜம் மீதி வைத்து, மூன்றாவதில் கிரீன்.

படி 8: கிரீனில்

இந்தக் கடலோர மைதானங்களில் போவா அன்னுவா என்ற புல் அழையா விருந்தாளியாக எங்கும் புகுந்துவிடும். பிற்பகலில் அதன் கதிர்கள் தலைதூக்கும், நாள் முழுக்க நடந்த காலடித் தடங்களும் சேரும். மெதுவாக உருளும் பட் துள்ளி விலகும். அதனால் நான்கு அடிக்குள் உள்ளதைக் குழியின் பின்சுவரில் இடிக்கும் வேகத்தில், வளைவைக் குறைத்துக் கணக்கிட்டு அடியுங்கள். காலைப் பனியில் நேர்மாறு: கிரீன் மெதுவாக இருக்கும், மூன்றாம் நான்காம் குழிக்குப் பிறகு காயக் காய வேகம் கூடும்.

2019 முதல் கொடியை எடுக்காமலே பட் செய்யலாம். பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்யும்போது கவையைக் கீழிருந்து நெம்பாதீர்கள். வேர் அறுந்து புல் காய்ந்துவிடும். ஓரங்களை நடுவை நோக்கித் தள்ளி, பட்டரால் தட்டிச் சமப்படுத்துங்கள்.

படி 9: வேகம்

நான்கு பேர் ஆட்டம் ஏறக்குறைய நாலரை மணி நேரத்தில் முடிய வேண்டும். முன்னால் உள்ள குழுவோடு ஒட்டிப் போகிறீர்களா என்பதுதான் அளவுகோல். பின்னால் யாரும் இல்லையே என்பது கணக்கில்லை. யார் தயாரோ அவர் அடிக்கலாம். முறை வந்தால் 40 நொடிக்குள் அடியுங்கள். பையைக் கிரீனுக்கு முன்னால் விடாமல், அடுத்த டீ இருக்கும் பக்கத்தில் வையுங்கள். ஸ்கோரை அடுத்த டீயில் எழுதலாம். ஒரு குழியில் பாரை விட ஐந்து அடி கூடிவிட்டால் பந்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நட்பு ஆட்டத்தில் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

சாயங்காலக் கட்டணத்தில் போகிறவர்கள் சூரிய அஸ்தமனத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜூனில் இரவு எட்டரை வரை வெளிச்சம் உண்டு, 18 குழிக்கும் தாராளம். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இரண்டு மணிக்குத் தொடங்கினால் 12-ஆம் குழியோடு திரும்ப வேண்டியிருக்கும், ஏரியோரம் கண்ணில் படாது. அப்படியான நாளில் அந்தக் காசுக்கு ஃப்ளெமிங்கின் ஒன்பதையும் முழுதாக ஆடிவிடலாம்.